மேகத்தின் சாட்சியம்

2015-ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதி பெய்த பெருமழையை அபிராமபுரவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. அபிராமபுரத்துக்குத் தெற்கே ஓடும் அடையாறு கரைபுரண்டு பெருநாசம் விளைத்தது. மேகங்களைப் படம் பிடிக்கும் செயற்கைக்கோள்கள் அப்போதும் வானில் இருந்தன. ஆனால் சாதாரணப் படம் மேகத்தின் முதுகைக் காட்டுமேயன்றி, அதன் வயிற்றிலுள்ள நீரைக் காட்டாது.

இக்குறையைத் தீர்க்க வந்ததே மேக ரேடார். 2006 ஏப்ரல் 28-ல் அமெரிக்கா ஏவிய கிளவுட்சாட், மூன்று மில்லிமீட்டர் அளவான அலைகளை மேகத்துள் செலுத்திப் பதினேழு வருஷங்களுக்கு மேல் உழைத்து, 2023 டிசம்பரில் ஓய்ந்தது. 2024 மே 28-ல் ஐரோப்பாவும் ஜப்பானும் கூடி எர்த்கேரை அனுப்பின. அதன் ரேடார், துளிகள் மேலேறுகின்றனவா கீழிறங்குகின்றனவா என்பதையும் உணர வல்லது.

ஆயினும் ரேடார் மழையளவை எழுதிக் கொடுப்பதில்லை. அது தருவது எதிரொலி ஒன்றே. எதிரொலி திரும்பும் நேரத்தைக்கொண்டு உயரத்தையும், அதன் வலிமையைக்கொண்டு நீரின் அளவையும் நாம்தான் கணிக்க வேண்டும். இடறும் இடங்கள் பல. நுண்துளியின் விட்டம் இருமடங்கானால் எதிரொலி 64 மடங்காகிறது. ஆகவே சில பெருந்துளிகள் எண்ணற்ற சிறுதுளிகளை மறைத்துவிடும். நிலத்தின் எதிரொலி, தரையையொட்டிய ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் உயரத்துச் செய்தியை விழுங்கிவிடும். கனமழையோ அலையையே நலியச் செய்யும். சாட்சி சொன்னதை அப்படியே தீர்ப்பாக எழுதும் நீதிபதி உண்டோ? எதிரொலியையும் குறுக்கு விசாரணை செய்து, தரை ரேடாரோடும் மழைமானியோடும் ஒத்துப்பார்த்த பின்னரே நம்பலாகும்.

இச்சாட்சியைக்கொண்டு நாளைய வெள்ளத்தை நேரே அறிந்துவிடலாம் என்று நாம் சொல்லவில்லை. செயற்கைக்கோள் தான் செல்லும் வழியின் கீழுள்ள ஒரு குறுகிய கீற்றையே காண்கிறது. ஆனால் வருஷக்கணக்கில் சேர்ந்த கீற்றுகளால், மழையை முன்னறியும் கணக்குகளின் பிழை திருத்தப்படும்.

நம் தேசம் பின்தங்கியதன்று. 2011 அக்டோபர் 12-ல் பிரான்சுடன் கூடி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மேகா-டிராபிக்ஸை அனுப்பினோம். அது ரேடார் அன்று. மேகமும் மழையும் இயல்பாக வெளியிடும் நுண்ணலைகளை அளந்த கோள். 2023 மார்ச்சில் அதன் ஆயுள் முடிந்தது. சென்னைத் துறைமுகத்தில் 2002-ல் அமைந்த டாப்ளர் ரேடார் கீழிருந்து மேகத்தைத் துருவுகிறது. மேலிருந்து பார்த்த கிளவுட்சாட், எர்த்கேர் ஆகியவற்றின் பதிவுகளோ உலகத்தார் யாவர்க்கும் இலவசம்.

ஆகவே குறைவு கருவியில் இல்லை. பதிவைப் படிப்போர் தொகையில்தான். ராக்கெட் எழும் நாளில் கைதட்டுகிறோம். அதன்பின் எண்களோடு இரவு பகலாய்ப் போராடும் இளைஞரை யார் நினைக்கிறார்கள்? நமது வடகிழக்குப் பருவமழையை ஆராய்வதற்கென்றே அவர்களுக்குச் சம்பளமும் கணிப்பொறியும் தந்து ஆதரிப்பது சர்க்காரின் கடமை. அடுத்த பெருவெள்ளம் நம் சௌகரியத்தைப் பார்த்துக் காத்திராது.