புத்தகம் படிக்க ஜார்ஜ்டவுனில் இடமா இல்லை?

ஜார்ஜ்டவுன் - அடுக்குமாடி வீட்டில் ஒரு பக்கம் தொலைக்காட்சிச் சத்தம், மறுபக்கம் கைப்பேசி. பிள்ளைகள் அமைதியாகப் பத்துப் பக்கம்கூடப் படிப்பதில்லை என்பது பல பெற்றோரின் குறை. சற்று வெளியே வந்தால் ஜார்ஜ்டவுனில் அதற்கு இடங்கள் உண்டு.

முதலில் புத்தகம் வேண்டும். பினாங்கு சாலையிலுள்ள சௌராஸ்தா சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடைகள் உள்ளன. கீழே மீனும் காய்கறியும். மேலே கூரைவரை அடுக்கிய நூல்கள். குறைந்த விலையில் வாங்கலாம்.

பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரியில் வருவோருக்குக் கடலைக் கடக்கும் நேரமே ஒரு சிறுகதைக்குப் போதும். காலையில் 1884இல் உருவான தாவரவியல் பூங்காவின் மரநிழல். மாலையில் பாடாங் கோத்தா கடற்காற்று.

மழை நாளுக்கும் தேர்வுக் காலத்துக்கும் கிரீன் லேனில் 2016இல் திறக்கப்பட்ட பினாங்கு மின்னிலக்க நூலகம் கைகொடுக்கும். நூலகம் பினாங்கிற்குப் புதிதல்ல. 1817இலேயே இங்கு ஒன்று தொடங்கப்பட்டது.

இடம் இருந்தால் மட்டும் போதாது. பிள்ளையைப் "படி" என்று அனுப்பிவிட்டுப் பெற்றோர் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தால் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அவர்களும் ஒரு தமிழ் நூலோடு பக்கத்தில் உட்கார்ந்தால், பழக்கம் பிள்ளையிடமும் ஒட்டிக்கொள்ளும்.