வரத்துக்காலைக் காப்போம், கண்மாய் நம்மைக் காக்கும்

மணியாச்சி, கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் பூமி வடகிழக்குப் பருவ மழையை நம்பி வாழ்வது. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழி வரையில் பெய்து தீர்ந்துவிடுகிறது. ஓர் ஏக்கரில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர் நீராகும். கரிசல் மண் நனைந்ததும் உப்பி, வெடிப்புகள் மூடிக்கொள்ளும். அதன்பின் பெய்யும் பெருமழை நிலத்தின்மேல் ஓடிவிடும். அந்நீரைக் கண்மாயில் சேர்ப்பது வரத்துக்கால்.

கரை உயரமாயிருக்கலாம், மடையும் மறுகாலும் புதியனவாயிருக்கலாம். வரத்துக்காலில் சீமைக்கருவேல் மண்டியிருப்பின் இவற்றால் யாது பயன்? பங்குனி வெயிலில் கால்நடைகள் வறண்ட கண்மாயில் நிற்கும்.

ஊரார் கூடிக் கண்மாயைப் பேணும் வழக்கமே குடிமராமத்து. அவ்வேலைக்கு வரத் தவறியோரைத் தண்டிக்க 1858-இல் சென்னை மாகாணத்தில் சட்டமே இயற்றினர். எனினும் அச்சத்தினால் அவ்வழக்கம் நிலைக்கவில்லை. 2017-இல் தமிழக அரசு தொடங்கிய குடிமராமத்துத் திட்டம் வேறு வழியை நாடியது. பணிகள் பாசன விவசாயிகளிடமே ஒப்படைக்கப்பட்டன. செலவில் 10 சதவீதத்தைப் பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ அவர்கள் ஏற்றனர். பெரிய மராமத்துக்கு அரசின் நிதி உதவும். ஆண்டுதோறும் முளைக்கும் முள்ளை அகற்ற ஊராரின் கைகளே வேண்டும். மதிப்பீடு வரட்டும், ஒப்புதல் வரட்டும் என்று அலுவலர்களாகிய நாமும் காத்திருந்ததுண்டு, மழை காத்திருந்ததில்லை.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை இவை:

முதலாவதாக, ஆகஸ்ட் 15-ஆம் நாள் கிராம சபைக்கு முன்னரே வரத்துக்காலின் தலைப்பு முதல் கண்மாய் வரை நடந்து பார்த்து, அடைப்புகளைக் குறித்துக்கொள்க.

இரண்டாவதாக, சபையில் தீர்மானம் நிறைவேற்றி, இன்ன பகுதி இன்னார் பொறுப்பு எனப் பிரித்துக்கொள்க. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் குறைவாயின் ஊராட்சி ஒன்றியத்திடமும், மிகுதியாயின் நீர்வளத் துறையிடமும் அனுமதி பெறுக.

மூன்றாவதாக, ஆக்கிரமிப்பு இருப்பின் அண்டை வீட்டாருடன் வாதாட வேண்டா. நில அளவரைக் கொண்டு அளந்து கல் நடுக.

நான்காவதாக, பாசனப் பயன் பெறாத நிலமற்றோர்மீது கூலியில்லா வேலையைச் சுமத்தலாகாது. முற்கால வழக்கத்தின் குறையை நாம் மீண்டும் கொணர வேண்டா.

அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபை கூடும்போது வேலை முடிந்திருத்தல் வேண்டும். பருவ மழை பெரும்பாலும் அம்மாதத்தின் பிற்பகுதியில் தொடங்கிவிடும். இடைப்பட்டவை ஏழு வாரங்களே. அவ்வேழு வார உழைப்பே அடுத்த கோடையில் ஊருக்கு நீராகும்.