கனியும் காமிராவும்

மேஜைமீது நாலு பழங்களை அடுக்கிவைத்துப் படம் பிடிப்பதில் என்ன பிரமாதம் இருக்கிறது, அவை அசைவதுமில்லை, முகம் சுளிப்பதுமில்லையே என்று எண்ணுவோர் பலர். ஆனால் 1855-ல் கிரிமிய யுத்தகளத்துக்கே காமிராவைச் சுமந்து சென்ற ரோஜர் ஃபென்டன் என்ற ஆங்கிலேயர், 1862-ல் இத்தொழிலையே துறப்பதற்குச் சற்று முன்னர், திராட்சைக் குலைகளையும் வெள்ளிக் கிண்ணத்தையும் பூச்சாடியையும் எதிரே பரப்பிக்கொண்டு வெகு சிரத்தையுடன் ஒரு வரிசைப் படங்களை எடுத்திருக்கிறார் என்பதை அறியும்போது, அந்த எண்ணம் ஆட்டம் காண்கிறது.

அக்காலத்துக் கண்ணாடித் தகட்டை ஈரம் உலர்வதற்குள் உபயோகித்தாக வேண்டும். அது நீல ஒளிக்கு உடனே இணங்குமேயன்றிச் சிவப்பை அறவே அறியாது. ஆதலால் செக்கச்சிவந்த கனியும் படத்தில் கருத்தே தோன்றும். வர்ணத்தின் துணையை இழந்த ஃபென்டனுக்குக் கனியின் உருட்சியும் தோலின் சொரசொரப்பும் மினுமினுப்புமே கைகொடுத்தன.

வர்ணம் தாராளமாகக் கிடைக்கும் இந்நாளிலும் அவையே பிரதானம். காமிராவில் பொருத்திய ஃபிளாஷ் வெளிச்சம் நேரே மோதினால் ஆரஞ்சுப் பழம் வெறும் வட்டமாகத் தட்டையாகிவிடும். ஜன்னல் வழியே பக்கவாட்டில் சாய்ந்து விழும் காலை வெளிச்சத்திலோ தோலின் ஒவ்வொரு குழியும் தன் நிழலைப் பெற்றுத் துலங்கும். எதிர்ப்புறம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினால் நிழல் இளகும், எடுத்துவிட்டால் கனக்கும். அந்த அட்டையை ஒரு சாண் முன்னும் பின்னும் நகர்த்துவதில்தான் சிருஷ்டியின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

கனி அசையாதே தவிர, காத்திருக்கவும் செய்யாது. கறுப்புத் திராட்சையின்மேல் வெண்மையாகப் படிந்திருக்கும் மெழுகுப் படலம் விரல் பட்ட மாத்திரத்தில் அழிந்துபோகுமாதலால், குலையைக் காம்பைப் பிடித்தே தூக்கவேண்டும். நறுக்கிய ஆப்பிள் காற்றுப்பட்டுப் பழுப்பேறும்; எலுமிச்சைச் சாறு தடவினால் சற்றே தாமதிக்கும். நீர்த்துளி உலராமல் நிற்கக் கிளிசரின் கலந்து தெளிப்பதும் உண்டு. விளம்பரக்காரர்களுக்கு அது அவசியமாக இருக்கலாம். எனக்கென்னவோ, வாய்க்கு உதவாதபடி பண்ணிவிட்ட பழத்தைப் படமெடுப்பதில் ருசி இல்லை.

அமெரிக்கரான எட்வர்ட் வெஸ்டன் 1930 ஆகஸ்டில், கலிஃபோர்னியாவிலுள்ள கார்மெலில், தாவர சாஸ்திரப்படி கனியேயாகிய குடைமிளகாயை ஒரு தகரப் புனலுக்குள் வைத்து, புனலின் உட்புறம் ஒளியைச் சுற்றிலும் மெல்லெனப் பிரதிபலிக்க, நிமிஷக்கணக்கில் லென்ஸைத் திறந்துவைத்து, சில நாள்களுக்குள் முப்பது நெகடிவ்களுக்குக் குறையாமல் எடுத்தார். அவற்றுள் 30 என்ற எண் பெற்ற படத்தில், முறுக்கேறிய மனித உடலின் வளைவுகளைக் கண்டு வியப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதில் இருப்பதென்னவோ கடைத்தெருவில் கிடைக்கும் காயும் ஒளியும் மாத்திரமே. அதே காலத்தில் வாழைப்பழங்களையும் அவர் படமெடுத்தார். வேலை முடிந்தபின் அந்தக் குடைமிளகாயைச் சாலட்டில் சேர்த்துவிடும் எண்ணத்தைத் தம் நாட்குறிப்பில் ஒளிவுமறைவின்றி எழுதியும் வைத்தார்.