நடைபிணங்களுக்கு நடுவே ஒரு தோழன்

செகந்திராபாத்தில் நம்மவர் கூடும் இடத்தில் தெலுங்கு ‘ஜாம்பி ரெட்டி’ (2021) பற்றிப் பேச்செழுந்தால், “தமிழில் ஐந்தாண்டு முன்பே வந்ததாயிற்றே!” என்று ஒருவராவது சொல்வார். 2016 பிப்ரவரியில் வெளியான ‘மிருதன்’ படத்தைத்தான்! ஊட்டியில் சிந்திய ரசாயனத்தை ஒரு நாய் நக்கிவிடுகிறது. அது கடித்தவர் பிறரைக் கடிக்க, ஊரெங்கும் நடைபிணங்கள். தண்ணீரைக் கண்டால் மட்டும் மிரளும். தங்கையைக் காக்கப் போராடும் போக்குவரத்துக் காவலராக ஜெயம் ரவி (இன்று ரவி மோகன்).

என் கண் போனது கூட வரும் காவலர் சின்னமலை மீது. நடித்தவர் காளி வெங்கட். அதற்கு மூன்று வாரம் முன்புதான் ‘இறுதிச்சுற்று’ படத்தில் குத்துச்சண்டைப் பெண்ணின் தகப்பனாக வந்தார். ‘முண்டாசுப்பட்டி’யில் (2014) புகைப்படக்காரரின் கூட்டாளி. மூன்றும் ஒரே ஆள் என்று சக குமாஸ்தா ஒருவரிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை. கோப்பு முழுவதும் எழுதிவிட்டுக் கையெழுத்தை மேலதிகாரிக்கு விடும் நமக்கே இப்படியென்றால்!

துப்பாக்கி கதாநாயகன் கையில், பயம் இவர் முகத்தில். அந்தப் பயத்தைப் பார்த்த பிறகே பிணம் துரத்துவதை நாம் நம்புகிறோம். ‘சூரரைப் போற்று’விலும் (2020) இருக்கிறார். பெயர்கள் ஓடி முடியும்வரை எழுந்துவிடாதீர்கள்.