மரப்பாச்சி

திருவள்ளூரில் இருந்த எங்கள் பழைய வீட்டை விற்பதற்கு முன் அதன் பரணை ஒழித்துக்கொண்டிருந்தேன். உடைந்த மரக்கால், ஈயம் போன பாத்திரங்கள், வாய் பிளந்த ஊறுகாய் ஜாடி ஆகியவற்றுக்கு அடியிலிருந்து மஞ்சள் துணி மூட்டை ஒன்று கைக்கு வந்தது. அவிழ்த்தேன். உள்ளே மரப்பாச்சி இருவர். ஆண் பொம்மையின் வலப்பாதம் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் என் தங்கைக்கு நான் கட்டிவிட்ட கதை ஒன்று நினைவில் எழுந்தது. அந்தக் கதைக்குப் போகுமுன் பொம்மையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்களில் பலர் அதைக் கையில் எடுத்து விளையாடியிருக்க மாட்டீர்கள்.

மரப்பாச்சி ஒரே கட்டையில் கடைந்த பொம்மை. கைகளும் கால்களும் உடலோடு ஒட்டியிருக்கும். மடக்கவோ நீட்டவோ முடியாது. மூக்கு என்பது ஒரு மேடு. கண் என்பது ஒரு கீறல். சிரிப்பா, சினமா என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல இயலாது. ஆணும் பெண்ணுமாக இணையாகவே வாங்குவார்கள். ராஜா, ராணி என்பார்கள். மணமான பெண்ணுக்குத் தாய்வீட்டுச் சீராகக் கொடுப்பதும், நவராத்திரிக் கொலுவில் முதலில் இந்த இணையை எடுத்து வைப்பதும் பல குடும்பங்களில் வழக்கம். எங்கள் பாட்டியார் திருப்பதிக்குப் போய்த் திரும்பும்போது வாங்கிவந்தவை இவை.

பழைய மரப்பாச்சிகள் செம்மரத்தில் செய்யப்பட்டவை. செஞ்சந்தனம் என்றும் சொல்வதுண்டு. ஆனால் சந்தன மணம் இதற்குக் கிடையாது. திருவள்ளூருக்கு வடக்கே சேஷாசலம், வெலிகொண்டா முதலான கிழக்குத் தொடர்ச்சி மலைகளில்தான் இது இயற்கையாக வளர்கிறது. உலகில் வேறெங்கும் இதற்குத் தாயகம் இல்லை. மெதுவாக வளர்ந்து வயிரம் பாயும் மரம். வயிரம் பாய்ந்த கட்டையைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும். அதன் சிவப்புக்குக் காரணம் சாண்டலின் என்னும் நிறப்பொருள்.

அந்தச் சிவப்பே எங்கள் ராஜாவின் பாதத்துக்கு வினையாயிற்று. வீட்டில் யாருக்கேனும் கட்டியோ வீக்கமோ கண்டால் பாட்டியார் ராஜாவை எடுத்துக் கல்லில் நீர்விட்டு உரைத்துப் பற்றுப் போடுவார். (வைத்தியம் சொல்ல நான் வரவில்லை, நீங்கள் மருத்துவரிடமே செல்லுங்கள்.) ஒவ்வொரு வீக்கத்துக்கும் ராஜா சிறிது பாதத்தை இழந்தார். ஏன் ராணியின் பாதத்தை உரைக்கவில்லை என்று நான் கேட்கவேயில்லை.

தங்கை கேட்டாள்: “ராஜா ஏன் அண்ணா நொண்டுகிறார்?” முள் தைத்தது என்றேன். சில மாதங்களில் பாதம் இன்னும் குறைந்தது, முள் போதவில்லை. முதலை கடித்தது என்றேன். பிறகு அதுவும் போதவில்லை. அந்த ஆண்டுதான் தந்தையார் எங்களைப் பழவேற்காட்டுக்கு அழைத்துச் சென்று டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தைக் காட்டினார். வாயிலில் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கியிருப்பார்கள். அன்றிரவே ராஜா டச்சுக்காரர்களோடு போர் செய்து காலை இழந்தார்! டச்சுக்காரர் 1613-இல் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியதும், சோழமண்டலக் கரையிலிருந்து சாயத்துக்காகச் செம்மரத்தைக் கப்பலேற்றியதும் கல்லூரியில் படித்தபோதுதான் எனக்குத் தெரியவந்தன. ராஜாவின் இனத்தார் உண்மையிலேயே அவர்கள் கையில் சிக்கியவர்கள்தாம்.

இன்று அந்த மரம் அரிதாகிவிட்டது. அளவுமீறி வெட்டினார்கள், வெளிநாடுகளில் விலை ஏற ஏறக் கடத்தலும் பெருகியது. 1995-இல் அது பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. குழந்தையின் கைக்கு விளையாடக் கொடுத்த கட்டை, இப்போது காவலர்கள் தேடிப் பிடிக்கும் சரக்கு. மரப்பாச்சி அடியோடு ஒழிந்தது என்று சொல்லமாட்டேன். கொலுக் காலத்தில் கடைகளில் கிடைக்கிறது. பெரும்பாலும் வேறு மரத்தில் செய்து வண்ணம் பூசியது. படியில் வைத்துப் பார்ப்பதற்கு உரியது. விளையாட்டுப் பொருளாக அதன் காலம் பிளாஸ்டிக் வந்தபோதே முடிந்துவிட்டது. கண் மூடித் திறக்கும் பொம்மை வந்தபோது என் தங்கையே ராணியைக் கைவிட்டாள். அவளைக் குறை சொல்லேன். எனக்கும் அந்தக் கண்களின்மேல் ஆசைதான்.

ஆனால் அந்தப் புதிய பொம்மையைப் பற்றி ஒரு கதைகூட எங்களுக்கு நினைவில்லை. அது எப்போதும் சிரித்தது. அழவேண்டிய கதையில் அதற்கு இடமில்லை. மரப்பாச்சியோ நாங்கள் கொடுத்த முகத்தையெல்லாம் வாங்கிக்கொண்டது.

பொம்மை பேசும் என்ற நம்பிக்கை நமக்குப் பழையது. விக்கிரமாதித்தன் அரியணையில் முப்பத்திரண்டு பதுமைகள் கதை சொல்லின. இத்தாலியில் கொலோடி எழுதிய பினோக்கியோ, 1883-இல் நூலாக வந்தது, ஒரு மரக்கட்டையின் கதைதான். நம் காலத்தில் உமா மகேஸ்வரி ‘மரப்பாச்சி’ என்ற சிறுகதை எழுதியிருக்கிறார். யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020-ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்றது; பெரியவர்களிடம் சொல்லத் தயங்கும் துன்பத்தைச் சிறுமி ஒருத்திக்கு வெளியே சொல்லத் துணை நிற்பது அதில் மரப்பாச்சியே. அந்தப் பொறுப்பை வேறு பொம்மைக்குக் கொடுத்திருக்க முடியுமா என்று நான் எண்ணிப் பார்த்ததுண்டு.

பரணை ஒழித்த அன்று தங்கையைத் தொலைபேசியில் அழைத்து, ராஜாவின் கால் எப்படிப் போயிற்று என்று கேட்டேன். “ராணியைக் காப்பாற்ற ஏரியில் குதித்தார், முதலை பிடித்துக்கொண்டது” என்றாள். என் கதையில் ராணி ஏரிக்கு வந்ததே இல்லை.

சில நாட்களுக்குப்பின் ஒரு வேலையாகக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் போயிருந்தேன். இரும்பு ஆலைகளில் வேலை செய்ய ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள் வரிசை அறைகளில் குடியிருக்கும் தெரு. வாயிற்படியில் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பலகைத் துண்டு, சரக்குப் பெட்டியிலிருந்து பிரிந்தது. இயந்திரம் துடைக்கும் துணியால் அதைச் சுற்றியிருந்தாள். நான் குனிந்து ஏதோ கேட்டேன். அவள் விரலை உதட்டில் வைத்தாள். பக்கத்து வீட்டுத் தமிழ்ச் சிறுமி எனக்கு விளக்கினாள்: பலகையில் ஆணி பிடுங்கிய துளை இருக்கிறதாம், அங்கே அதற்கு வலியாம், இப்போதுதான் தூங்கியதாம்.