உங்களுக்குத் தெரியுமா? வாயும் வயிறுமாக இருப்பவளின் பதற்றம்

● பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைப் பற்றி இப்போது ஓரளவாவது பேசுகிறோம். மனப்பதற்றத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. 34 நாடுகளில் நடந்த 102 ஆய்வுகளைத் திரட்டி 2017-இல் வெளியான கணக்குப்படி, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பெண்ணுக்குப் பதற்ற அறிகுறிகள் இருக்கின்றன.

● குழந்தை நன்றாகத் தூங்குகிறது. தாய் மட்டும் நள்ளிரவில் எழுந்து அதன் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறாள். படுக்கிறாள். கால் மணி நேரத்தில் மறுபடி எழுகிறாள். எப்போதாவது இப்படிப் பார்ப்பது எல்லாத் தாய்மாருக்கும் உண்டு. பிள்ளை தூங்கும்போதும் தனக்குத் தூக்கம் வராமல் இரவுகள் கழிந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வீட்டிலோ ‘பொறுப்பான பொண்ணு’ என்று பாராட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்!

● ‘கை தவறிக் கீழே போட்டுவிடுவேனோ, நானே ஏதாவது செய்துவிடுவேனோ’ என்ற வேண்டாத எண்ணங்கள் புதுத் தாய்மார்களுக்கு வருவது மிகச் சாதாரணம். அதைக் கண்டு அவளே நடுங்குகிறாள் என்றால் அது பதற்றத்தின் வேலை. அவள் கெட்ட தாய் அல்ல. ஆனால் காதில் குரல் கேட்கிறது, அந்த எண்ணம் சரியென்றே படுகிறது என்றால், விடியும்வரைகூடக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

● பிரசவமான பெண்களில் சுமார் 5 சதவீதம் பேருக்குத் தைராய்டு சுரப்பி அழற்சி வருகிறது. நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், எரிச்சல் எல்லாம் அதனாலும் இருக்கலாம். ஓர் இரத்தப் பரிசோதனை போதும்.

● ஸ்காட்லாந்தில் உருவாகி 1987-இல் வெளியான ‘எடின்பரோ’ மனச்சோர்வுக் கேள்வித்தாளில் 10 கேள்விகள். கடந்த 7 நாட்கள் எப்படி இருந்தன என்று கேட்கும். அதில் 3, 4, 5-ஆம் கேள்விகள் பதற்றத்தைக் கண்டுபிடிப்பவை. தமிழிலும் உண்டு. ஐந்து நிமிட வேலை. மாதந்தோறும் பிரஷரும் எடையும் பார்க்கிற இடத்தில் இதற்கு மட்டும் நேரமில்லை என்பது சாக்கு.

● பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் ஓர் அரசு மருத்துவமனையில், பதற்றம் இருந்த கர்ப்பிணிகளுக்கு, உளவியல் படித்திருந்தாலும் சிகிச்சை அனுபவம் இல்லாதவர்களே பயிற்சி பெற்றுப் பேச்சுவழிச் சிகிச்சை அளித்தார்கள். பிரசவமாகி ஆறு வாரங்களில் கடும் அல்லது நடுத்தரப் பதற்றம் இருந்தவர்கள் 9 சதவீதம். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 27. முடிவுகள் 2024-இல் வெளியாயின.

● தாயை மனநல மருத்துவமனையில் சேர்த்தாலும், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சாதாரணமாக அவளிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயும் சேயும் ஒன்றாகத் தங்கிச் சிகிச்சை பெறத் தனி வார்டே இருக்கிறது.

● அரசின் ‘டெலிமனஸ்’ மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும், கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம்.