அவர்களாகவே விலகினார்களா?

ஆரப்பாளையத்தில் தேனி பஸ் ஏறினால் ஒரு மணி நேரச் சொச்சத்தில் உசிலம்பட்டி. அந்த வட்டாரத்தில்தான் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் இருக்கின்றன. 1996 உள்ளாட்சித் தேர்தலின்போது இந்த மூன்று ஊர்களின் தலைவர் பதவியும் தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. அடுத்த 10 ஆண்டுகள் அந்த நாற்காலிகளில் யாரும் நிலைத்து உட்காரவில்லை. பல முறை யாருமே வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை. சில முறை, ஆதிக்க சாதியினர் கைகாட்டிய ஒருவர் நின்றார், ஜெயித்தார், உடனே ராஜினாமா செய்தார்.

தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு இது எப்படித் தெரியும்? "சட்டம் கொடுத்தும் வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை. அவங்களுக்கே ஆர்வம் இல்லை" என்று சொல்லிவிடுவது எளிது.

கிட்டப்போய்ப் பார்த்தால் கதை வேறு. அந்த ஊர்களில் தலித் குடும்பங்கள் எண்ணிக்கையில் குறைவு. கூலி வேலைக்கு ஆதிக்க சாதியினரின் நிலத்தையே நம்பியிருந்தவர்கள் அவர்கள். இதே மதுரை மாவட்டத்தின் மேலவளவில், தலைவராக வென்ற முருகேசனும் உடன் வந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்தச் செய்தி எட்டாத சேரி உண்டா? மனு போடாமல் இருந்ததற்கும் ராஜினாமா கடிதம் எழுதியதற்கும் பின்னால் நின்றது இந்தப் பயம்தான்.

ஒருவரின் செயலுக்கு அவருடைய சூழலை விட்டுவிட்டு குணத்தையே காரணமாகச் சொல்லும் பழக்கம் மனிதர்களுக்கு உண்டு. உளவியலாளர் லீ ராஸ் 1977இல் இதை அடிப்படைப் பிழை என்றே குறிப்பிட்டார். தாமஸ் பெட்டிக்ரூ 1979இல் இன்னும் ஒரு படி மேலே போனார். நம் கூட்டத்தான் தவறு செய்தால் சூழ்நிலை என்போம். நாம் தாழ்வாக நினைக்கும் கூட்டத்தான் செய்தால் பிறவிக் குணம் என்போம் என்று அவர் விளக்கினார். நம் ஊரில் இந்தப் பிழைக்குச் சாதி என்று பெயர்.

2006இல் சூழல் மாறியது. அப்போதைய ஆட்சியர் உதயசந்திரன் ஊர் ஊராகப் போய் இரு தரப்பிடமும் பேசினார். பல ஆண்டுகளாக இயக்கங்களும் கட்சிகளும் நடத்திவந்த போராட்டமும் துணை நின்றது. அந்த அக்டோபரில் தேர்தல் நடந்தது. வென்றவர்கள் பதவியேற்றார்கள், இந்த முறை உடனடி ராஜினாமா இல்லை. மக்கள் அதே மக்கள்தான். ஆர்வம் ஒரே இரவில் முளைத்துவிடவில்லை. மாறியது அவர்களைச் சுற்றி இருந்த நிலைமை.

இந்தக் கணக்கை நம் வகுப்பறைக்கும் போட்டுப் பார்க்கலாம். காலனிப் பையன் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் 'மந்தம்' என்கிறோம். எதிர்த்துக் கேட்டால் 'திமிர்' என்கிறோம். முன்பு அவன் பேசியபோது வகுப்பு எப்படிச் சிரித்தது என்று யார் கேட்டோம்?

மாணவர்களே, ஒருவரைப் பற்றி "அவங்க அப்படித்தான்" என்று யாராவது சொன்னால், அவர் நிற்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். பதில் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.